ஞாயிற்றுக்கிழமைப் படம்

ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து எங்கள் வீட்டு டிவியில் எழுத்துகள் நிற்காமல் மேலே ஓடிக்கொண்டிருந்தன. என் கம்ப்யூட்டரின் எழுத்துகள். சிங்கப்பூரிலிருந்து வந்த அண்ணன், தான் பயன்படுத்திச் சலித்ததை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பார்க்க வெறும் தட்டச்சுப் பலகைதான். அதன் ஒயரை டிவியில் செருகினால் டிவிதான் திரை.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தேன். கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது, அதற்கான தேர்வில் தேறாதவர்கள் ஓசூர் கிளைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸ் வாசம். மகள் அப்போதுதான் பேசப் பழகியிருந்தாள். நான் ஓசூர் போனால் குடும்பம் இரண்டாகும். திங்கட்கிழமை தேர்வு.

மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்து, சோறு வடித்து, பிள்ளைக்கு ஊட்டிவிட்டுப் படிக்க உட்கார்ந்தால் திரையில் எழுத்துகள் ஓடும். கண் எரியும். அவர் டிவிக்குப் பின்னால் குந்திக்கொண்டு, திரையில் ஓடும் படத்தை நிலையாக நிறுத்தும் குமிழைத் திருகுவார்.

"இப்ப நின்னுச்சா?"

"இல்ல."

"இப்ப?"

"நின்னுச்சு... போச்சு."

அந்த வாரம் எங்கள் தாம்பத்தியமே இந்தப் பேச்சுதான். ஸ்டெபிலைசரை மாற்றிப் பார்த்தோம். கொரட்டூரிலிருந்து மெக்கானிக் வந்து, "டிவி நல்லாத்தான் கீதுக்கா, உங்க பொட்டிதான் மக்கர் பண்ணுது" என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். மெக்கானிக் சரியாக வைத்த குமிழை மறுபடி நாங்கள் திருகியதில், செய்தி வாசிப்பவரின் தலையும் மேலே போய்க் கீழிருந்து வர ஆரம்பித்தது. குவார்ட்டர்ஸ் முழுக்க எங்கள் டிவி கெட்டுப்போன சேதி பரவியது.

ஞாயிறு மதியம் வெறுத்துப்போய், எல்லாவற்றையும் பரண்மேல் போட்டுவிடலாம் என்று கம்ப்யூட்டரிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். ஒயர் செருகும் இடத்தைச் சுற்றியிருந்த வெள்ளி நிற வளையத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. நடுவில் சிவப்பு. மோந்து பார்த்தேன். சந்தனம்.

தொழிற்சாலைக்காரர்களுக்கு ஆயுத பூஜை என்றால் ஒரு ஸ்பேனர் விடாமல் துடைத்துப் பொட்டு வைத்தாக வேண்டும். இவர் வீட்டுக்கு வந்தும் சைக்கிள், மிக்சி, தையல் மெஷின் என்று ஒன்றையும் விடவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் போனபோது, "எழுத்து மேல வச்சிடாதீங்க" என்று அடுப்படியிலிருந்து நான் சொன்னது ஞாபகம் வந்தது. மனிதர் ஒயரைக் கழற்றிவிட்டுப் பின்னால் பொட்டு வைத்திருக்கிறார். காய்ந்த சந்தனம் ஒயரை வளையத்தில் சரியாகத் தொடவிடவில்லை.

வளையத்தை அவரிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார்.

"நீ பாஸாவணும்னு வேண்டிக்கினு வெச்சேன். அதான் கொஞ்சம் கெட்டியா வெச்சிட்டேன்" என்றார்.

கோபப்படத் தெம்பில்லை. அழுகைதான் வந்தது. அவர் என் புடவையிலிருந்த ஊக்கை வாங்கிச் சந்தனத்தைச் சுரண்டினார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஒயரைச் செருகி, குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். எழுத்துகள் நின்றன. ஒரு வாரப் பாடத்தை ஒரு பொழுதில் படிக்க உட்கார்ந்தேன்.

சாயங்காலம் டிவியில் தமிழ்ப் படம் போடும் நேரம் வந்துவிட்டது. ஞாயிறானால் பக்கத்து வீட்டார் பாயோடு வருவார்கள். அவரும் படம் என்றால் சோறு தண்ணி வேண்டாத ஆள். ஒருநாளும் விட்டதில்லை. நான் ஒயரைக் கழற்ற எழுந்தேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

"இன்னும் சரியாவலையா?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்பது கேட்டது.

"ஓடிக்கினேதான் கீதுக்கா. அடுத்த வாரம் பாக்கலாம்."

படம் முடியும் நேரம்வரை அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். மகள் மடியிலேயே தூங்கிப்போனாள்.

நான் ஓசூர் போகவில்லை. அந்த ஞாயிறு என்ன படம் போட்டார்கள் என்று எங்கள் இருவருக்கும் இன்றுவரை தெரியாது.