கட்டணமெல்லாம் முதலிலேயே சொன்ன லாய்குவான்

குவாய்சுங்கில் ஒரு தெருவில் மூட்டை சுமந்து பிழைத்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. இன்று அதே தெருவில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடி முழுக்க என்னுடையது. நூற்றுப்பத்து சின்ன அறைகள். வீட்டில் இடம் போதாதவர்கள் சாமான் போட்டுவைக்க மாத வாடகைக்கு எடுப்பார்கள். ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவேன். யுங் லாய்குவான் விஷயத்தில் மட்டும் என் தராசு கொஞ்சம் ஆடிவிட்டது.

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடம் சந்தை ஈரத்தில் நின்று மீன் விற்று, முழங்கால் போய், உட்கார்ந்து பார்க்கும் வேலை கேட்டு வந்தாள். ஃபோனில் பேசி ஆள் பிடிக்கும் வேலையைக் கொடுத்தேன். புத்தாண்டுக்குள் முப்பது அறை நிரம்பினால் நிரந்தரம். இல்லாவிட்டால் திரும்ப மீன்கடைதான்.

எங்கள் தொழிலில் ஃபோனில் வாடகையை மட்டும் சொல்வார்கள். மற்றதெல்லாம் ஆள் சாமானோடு வந்து நின்ற பிறகுதான் வாயிலிருந்து வரும். இவளோ எடுத்த எடுப்பிலேயே கொட்டிவிடுவாள்.

"வாடகை முந்நூத்தெண்பத்தெட்டு அக்கா. பூட்டுக்கு அறுபது, ஈரம் உறிஞ்சுற மெஷினுக்கு மாசம் நாப்பது. ஞாயித்துக்கிழமை வந்தா லிஃப்டுக்கு நூறு. அதுக்கு மேல ஒரு காசு கிடையாது."

செங் அம்மாள் என்பவர் சீறியது எனக்கே கேட்டது. "ஏம்மா, நீ ஆள் பிடிக்கிறியா, துரத்துறியா? எதிர்க் கட்டடத்துல முந்நூத்தெண்பதுன்னு சொல்லி நிறுத்திட்டான்!"

"நிறுத்தலக்கா, மூச்சு வாங்குறான். மீதிய நீங்க லாரியோட போய் நின்னதும் சொல்வான்."

ஃபோனை வைத்துவிட்டார்.

"உன் வாய்க்கு ஒரு பூட்டு போடணும்" என்றேன்.

"அதுக்கும் அறுபதுதான் முதலாளி" என்றாள்.

புத்தாண்டுக்கு முந்தின கடைசி ஞாயிறு வந்தபோது பத்தொன்பது அறைதான் நிரம்பியிருந்தது. பஞ்சாங்கத்தில் சாமான் மாற்ற நல்ல நேரம் அன்று ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. ஊரே அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். எதிர்க் கட்டடத்து வாசலில் லாரி வரிசை, ஒரே கூச்சல். ஃபோன் அடித்தது. செங் அம்மாள்.

"லிஃப்டுக்கு முந்நூறு கேக்குறான், பாவி! நல்ல நேரம் வேற ஓடுது. நீ அன்னிக்குச் சொன்னது அப்படியேதானா?"

"அப்படியேதான் அக்கா. இன்னிக்கு ஞாயிறு, லிஃப்டு நூறு."

"வரேன். இரு, என் பின்னாடி நிக்கிறவருக்கும் சொல்லு."

அந்த ஃபோன் வரிசை நெடுக கைமாறியது. லாய்குவான் ஒவ்வொருவருக்கும் பூட்டிலிருந்து லிஃப்டு வரை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். லாரிகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் திரும்பின. எழுபத்தொரு வயதில் நானே தள்ளுவண்டி பிடித்தேன். கூலியாட்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். மணி பதினொன்று அடிப்பதற்குள் பதினாறு அறை போயிற்று.

கீழே நின்றபடியே மாடிக்கு ஃபோன் போட்டேன். "லாய்குவான், வேலை உனக்கு நிரந்தரம்!"

"சந்தோஷம் முதலாளி. அதோட வேற என்னென்ன இருக்கு? இப்பவே சொல்லிடுங்க."

தள்ளுவண்டியை விட்டுவிட்டு விரல் விட்டு எண்ணினேன். "ஞாயித்துக்கிழமை வரணும்... வருஷத்துக்கு நாலு தடவ."

"அப்புறம்?"

"டீ போடணும்."

"அது ஒத்துவராது."

அன்றிலிருந்து டீ நான்தான் போடுகிறேன். குவாய்சுங்கில் என் டீக்கு ஈடு கிடையாது. வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள்.