தரையில் படாத விரல்

செந்துறையில் தன் மகனுக்காக என்னைப் பெண் பார்க்க வந்த அம்மாள் முதலில் பார்த்தது என் காலைத்தான். வலது காலில் நான்காவது விரல் குட்டை, தரையில் படாது.

"புருஷனுக்கு ஆகாதுங்க. சரி பண்ணிட்டுச் சொல்லுங்க" என்று எழுந்துகொண்டார்.

திருச்சி ஆஸ்பத்திரியில் விரல் எலும்பை அறுத்து, வெளியே கம்பி பூட்டினார்கள். எலும்பு நீள்வதற்காக, அப்பா தினமும் கம்பியின் திருகாணியைத் திருப்புவார். நான் தலையணையைக் கடிப்பேன். வலியே இல்லாத காலுக்கு ஐந்து மாத வலி.

அதே வீட்டில்தான் கல்யாணம் முடித்தார்கள். மெட்டி போட மாப்பிள்ளை என் காலடியில் குனிந்தார். அவர் காலிலும் நான்காவது விரல் குட்டை. தரையில் படவில்லை.

மறுநாள் மாமியாரிடமே கேட்டேன்.

"ஆம்பள கால யாருடி பாக்கப் போறா?" என்று சிரித்தார்.

நான் பார்க்கிறேன். தினமும் பார்க்கிறேன்.