ஒட்டிப்போன பக்கங்கள்

இன்று ஹனோவரில் சப்பாத்துத் திருத்தும் கடையில் பசை மணத்ததும், இதே ஊரில் எப்போதோ இடித்துவிட்ட எங்கள் பழைய மாடிவீடு நினைவுக்கு வந்தது. இரண்டே அறைகளில் எட்டுப் பேர். தங்கச்சியின் அழுகை, குசினியில் தாளிக்கும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலாக டெலிபோனில் கனடாவோடு கத்திக் கதைக்கும் மாமா. அந்த அமளிக்குள், ஜன்னல் விளிம்பில், பதினொரு வயதில் நான் மூன்று மாதமாக ஒரு குட்டி விமானத்தைத் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தேன். சக்கரங்கள் மட்டுமே மீதி. சாம்பல் கிண்ணம் வைக்க இடம் தேடிய மாமா அதைப் புறங்கையால் தள்ளினார். இரண்டு இறக்கைகளும் முறிந்தன.

“பிளாஸ்டிக் சாமான்தானே, என்னத்துக்கு அழுறாய்?” என்றார்.

“மாமாவோட வாய் காட்டாதை,” என்றார் அம்மா.

வாய் காட்டவில்லை. மறுநாள் பெண் பார்க்கக் கனடா போவதற்கு மாமா அலுமாரியில் வைத்திருந்த பாஸ்போர்ட்டை எடுத்து, மிஞ்சிய பசையைப் பக்கம் பக்கமாகப் பூசி, அழுத்தி மூடிவைத்தேன். விமான நிலையத்தில் அதைத் திறக்கவே முடியாமல் வீடு திரும்பினார். அந்தச் சம்பந்தம் குழம்பியது. பிறகு அவர் கல்யாணமே கட்டவில்லை.

ஈரம் பட்டு ஒட்டிவிட்டதென்று இன்றும் சொல்வார். “ஓம் மாமா,” என்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். பாவம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.