அமராவதியும் கடைசி வார ஓய்வும்

உடம்பைக் காட்டிப் பெருமையடிப்பவர்களைக் கண்டாலே அமராவதிக்கு ஆகாது. கண்ணாடி முன்னால் நின்று புஜத்தை முறுக்கும் பையன்களும், போட்டோகிராபர் வந்தால் மட்டும் ஓடு உடைக்கும் கராத்தே மாஸ்டர்களும் திருப்பூர் ராயபுரத்தில் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். "மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது, பேச்சப் பாரு" என்பாள், அவர்கள் காதில் விழும்படியே.

அவள் ஒரு காலத்தில் மாவட்டக் கபடி அணியில் ஆடியவள், பிறகு பள்ளியில் விளையாட்டு டீச்சர். குத்து, உதை, மல்யுத்தம் மூன்றையும் கலந்து கூண்டுக்குள் போடும் சண்டை 2009 வாக்கில் இந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தபோது, ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சல் பகுதியில் காலியாகக் கிடந்த ஒரு ஷெட்டைப் பிடித்தாள். அடி சொல்லிக்கொடுப்பது வேறொருவர் வேலை. கடைசி ரவுண்டிலும் கையைத் தூக்கத் தெம்பு இருக்கும்படி உடம்பைத் தேற்றுவது இவள் வேலை. மணல் மூட்டையைச் சுமக்க வைப்பாள், லாரி டயரைக் கயிறு கட்டி இழுக்க வைப்பாள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஓடிப்போனார்கள். இந்த லட்சணத்துக்குச் சண்டை ஒரு கேடா என்று அவளும் விட்டுவிட்டாள்.

முகிலன் ஓடவில்லை. செங்கோட்டையனின் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெசின் ஓட்டுகிறவன். கோவையில் நடக்கும் சண்டையில் ஜெயித்தால் பெங்களூர் அணி ஒன்று அவனைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. மெசின் சத்தத்திலிருந்து தப்பிக்க அவனுக்கு இருந்த ஒரே வழி அது. அவனை மட்டும் அமராவதி கொஞ்சம் பிரியமாகத் திட்டினாள்.

சண்டைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூட்டை, டயர் எல்லாவற்றையும் நிறுத்தினாள். "நல்லாச் சாப்புடு, தூங்கு, அவ்வளவுதான்." செலவை ஏற்றுக்கொண்டிருந்த செங்கோட்டையன் அன்று பார்த்து ஷெட்டுக்கு வந்தார். முகிலன் பாயில் மல்லாந்து கிடந்தான்.

"ஏனுங்க டீச்சர், இந்நேரத்துல படுக்கப் போட்டிருக்கறீங்க?"

"ஒழைச்ச ஒடம்பு தேறோணுமில்லீங்க. இப்பத்தான் பலம் உள்ள எறங்கும்."

"ஷிப்மெண்டு வாரத்துல எவனாச்சும் மெசினை நிறுத்துவானுங்களா? கடைசி வாரத்துலதானுங்க டபுள் ஷிப்டே போடறோம்."

"மெசினுக்குச் சதை இல்லீங்க."

அவருக்கு அது ஏறவில்லை. எப்படி ஏறும்? ஆர்டர் கையில் இருக்கும்போது ஊர் சுற்றிவிட்டு, கப்பல் கிளம்பும் நேரத்தில் ராப்பகலாக ஆளைப் பிழிந்தே பெரிய மனிதரானவர். முகிலனைத் தன் குடோனுக்கு அழைத்துப்போய், ஓடு உடைக்கும் மாஸ்டர் ஒருவரைப் பிடித்து பயிற்சியிலும் டபுள் ஷிப்ட் போடவைத்தார்.

"போகாத கண்ணு" என்று கிளம்பும்போதே அமராவதி தடுத்துப் பார்த்திருந்தாள்.

"மொதலாளி சொல்றாருங்க டீச்சர்" என்றான் முகிலன், தரையைப் பார்த்துக்கொண்டு.

கோவையில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முதல் ரவுண்டில் முகிலன் நன்றாகத்தான் அடித்தான். இரண்டாவதில் கைகள் இறங்கின. காலை அகட்டி நிற்கவே சிரமப்பட்டான். எதிராளி அவசரமே படாமல் அவனைக் கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து சண்டையை முடித்தான். இத்தனை மாதம் தான் ஊட்டி வளர்த்த பலத்தை அந்தக் குடோனில் ஒரே வாரத்தில் கொட்டிவிட்டார்களே என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள்.

வெளியே முகிலன் வீங்கிய முகத்தோடு நின்றான். பக்கத்தில் செங்கோட்டையன், கொஞ்சமும் கூச்சமில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"நாள் பத்தலீங்க டீச்சர். நீங்க அந்த ஓய்வு கீய்வுன்னு விட்ட நாளையும் சேத்து ஓட்டியிருந்தா ஜெயிச்சிருப்பான்."

அவரை எந்த வார்த்தையில் வைவது என்று அமராவதி யோசிப்பதற்குள் முகிலன் தலையாட்டினான்.

"ஆமாங்க" என்றான்.

செங்கோட்டையனைத் திட்ட அவளிடம் வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. முகிலனைத் திட்ட ஒரு வார்த்தைகூட வரவில்லை. திருப்பூர் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.