வராத பந்தின் கணக்கு

“…வந்த பந்தை எல்லாம் எழுதியிருக்கீங்க, சரி. வராத பந்தை எந்தப் பக்கத்துல எழுதி வச்சிருக்கீங்க, தாதா?”

ரேபா தீதி என் பக்கம் திரும்பாமல் மைதானத்தைப் பார்த்தபடியே கேட்டார். எங்கள் இருவருக்கும் நடுவே அவருடைய துணிப்பை ஓர் ஆள் உட்காரும் இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. பேசியது வங்காளத்தில்; இங்கே தாதா (சுருக்கினால் ‘தா’) என்றால் அண்ணன், தீதி என்றால் அக்கா. இங்கே எல்லாரும் பேசுவதை நான் மனதுக்குள் மானாமதுரைத் தமிழாக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறேன், ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

கொல்கத்தாப் பக்கம் வந்து முப்பத்திரண்டு வருடமாகிறது. இன்னும் எனக்குப் பழகாத ஒன்று, இங்கே பேச்சு நடுவிலிருந்து தொடங்குவது. நம் ஊரில் ஒருவரைப் பார்த்தால் எப்ப வந்தீங்க, வீட்ல எல்லாம் சுகமா, சாப்பிட்டாச்சா என்று மூன்று படி ஏறித்தான் விஷயத்துக்கு வருவோம். இங்கே மீன் கடையில் முன்பின் தெரியாத ஒருவர் என் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஆனா கடுகு அரைச்சு விடலேன்னா அது வேஸ்டு” என்பார். நாம் எப்போது பேச ஆரம்பித்தோம் என்று நான் யோசிப்பதற்குள் அவர் அடுத்த கடைக்குப் போயிருப்பார். முதலில் இது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. ஏதோ ஒரு பெரிய பேச்சு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, நாமும் அதில் இருக்கிறோம் என்பது இவர்கள் எண்ணம். ரேபா தீதி அப்படிக் கேட்டதும் என் நெஞ்சில் பயமும் ஒரு நிம்மதியும் சேர்ந்தே வந்தன. பேச்சை முறித்துக்கொண்டவர்கள் நடுவிலிருந்து தொடங்க மாட்டார்கள்.

கீழே மைதானத்தில் என் மகள் வாணி சென்னை கிளப்பின் மஞ்சள் பனியனில் இடது ஓரம் நின்றுகொண்டிருந்தாள். எதிரணி இந்த ஊர் கிளப். சின்ன ஸ்டேடியம், மத்தியான வெயில், கேலரியில் முந்நூறு பேர் இருந்தால் அதிகம். வந்திருந்தவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். நானும் அவர்களுக்கு நடுவில்தான் இருந்தேன், ஏனென்றால் சீட் பிடித்து வைத்திருந்தது பிஷு. அவன் சாந்த்ராகாச்சியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின் தெருவில் இருப்பவன். அந்தத் தெரு கிளப்பில் கேரம் போர்டுக்கும் கால்பந்து அபிப்பிராயத்துக்கும் அவன்தான் சொந்தக்காரன். “ஷோம் தா, இன்னிக்கு மட்டும் உங்க பொண்ணு ஒரு கோல் போடட்டும், நாங்க ரெண்டு போடறோம். யாருக்கும் மனஸ்தாபம் வேண்டாம்” என்று வரும்போதே பங்கு பிரித்துவிட்டான். சோமசுந்தரம் என்ற என் பெயரில் இந்த ஊர் வைத்துக்கொண்டது ஷோம் மட்டும்தான்.

நான் ரயில்வேயில் ஷண்டிங் மாஸ்டர். சாந்த்ராகாச்சி யார்டில் எந்த வேகன் எந்த லைனில் நிற்கிறது, எதை எதோடு கோக்க வேண்டும், எதைக் கழற்ற வேண்டும் என்று பார்ப்பது வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றாலும் எழுதும் பழக்கம் யார்டில் வந்தது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி நோட்டும் பென்சிலும் இருக்கும். ஒரு வேகன் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் மேலிருந்து கேள்வி வரும். ஏன் நிற்கிறது, யார் நிறுத்தியது. நிற்பது குற்றம், நகர்வதுதான் வேலை என்று மனதில் ஊறிப்போயிற்று. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நான் செய்த தப்பு இந்த நோட்டில்தான் முளைத்தது.

வாணி பிறந்ததே இங்கேதான். வங்காள நாக்கில் ‘வ’ வராது, அதனால் தெருவில் அவளுக்குப் பெயர் பானி. லைனை ஒட்டிய திடலில் பையன்களோடு ஆடி, பள்ளிக்கூட டீமில் கோலாகப் போட்டுத் தள்ளினாள். “உங்க பொண்ணு உதைச்சா அது தபால், ஷோம் தா. விலாசம் தேடிப் போய்ச் சேர்ந்துடும்” என்று பிஷு சொன்னதை நான் யார்டில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். அப்படிப்பட்டவளை ஜாதவ்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்த்தோம். அங்கே கோச் ரேபா தீதி. ஐம்பது வயதிருக்கும், அந்தக் காலத்தில் தானும் ஆடியவர். முதல் வாரமே வாணியை லெஃப்ட் பேக்காகப் போட்டுவிட்டார். கோல்கீப்பருக்குச் சற்று முன்னால், இடது பக்கம் நின்று தடுக்கிற வேலை.

நான் லீவு போட்டு ஜாதவ்பூர் போனேன். மைதானத்து ஓரத்தில், எனக்குத் தெரிந்த மரியாதையான வங்காளத்தில் கேட்டேன்.

“தீதி, பொண்ணைப் பின்னாடி வச்சிருக்கீங்களே, ஏன்?”

“அவதான் இருக்கறதுலயே நல்லா ஆடறவ. அதனால.”

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வெளியூர்க்கார அப்பன் வருத்தப்படக் கூடாது என்று ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். நம் பக்கம் நன்றாக இருப்பதை முன்னால்தான் வைப்போம், பந்தி ஆனாலும் போட்டோ ஆனாலும். நன்றாக ஆடுகிறாள், அதனால் பின்னால் நிறுத்தினேன் என்றால் நான் எப்படி நம்புவது? ஒரு நேரான பதிலை உபசாரமாக எடுத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டினேன்.

அந்த மூன்று வருடமும் என்னால் போக முடிந்த மேட்சுக்கெல்லாம் போனேன். உட்கார்ந்து எண்ணினேன். பந்து வாணியின் காலுக்கு வந்தால் ஒரு கோடு. ஒரு மேட்சில் பதினொன்று, ஒன்றில் ஒன்பது, ஒரு நாள் வெறும் ஆறு. என் கண்ணுக்கு அவள் லைனில் நிற்கும் வேகன். எல்லாக் கோட்டையும் தேதி போட்டு வைத்தேன். வீட்டில் மல்லிகா ஒருநாள் கேட்டாள், “இதை வச்சுக்கிட்டு யார்கிட்டக் காட்டப் போறீங்க?” எனக்கே தெரியாது என்றேன். அது உண்மைதான்.

கடைசி வருடம், வெளியூர் கல்லூரியோடு ஒரு மேட்ச். எங்கள் ஃபார்வர்டு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியது. மாற்று ஆள் இல்லாமல் ரேபா தீதி வாணியை மேலே அனுப்பினார். இருபது நிமிஷத்தில் இரண்டு கோல். சென்னை கிளப் ஒன்றின் ஆட்கள் அன்றைக்கு அங்கே இருந்திருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் ஒப்பந்தம் வந்தது, ஃபார்வர்டு என்று எழுதி.

தெருவே கொண்டாடியது. கொண்டாட்டம் முடிந்த மறுநாளே வழக்கு ஆரம்பித்தது. கல்லூரியில் பெண்ணை வீணாக்கிவிட்டார்கள் என்று ஒரு கட்சி, அங்கே கற்றதுதான் இங்கே உதவுகிறது என்று ஒரு கட்சி. பிஷு போனில் ஒரு கால்பந்துச் சானல் நடத்துகிறான். கிளப் வாசலில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தான். ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் கால்பந்தைப் பற்றி ஒருவனிடம் அபிப்பிராயம் கேட்பது ரேஷன் கார்டு கொடுப்பது மாதிரி. முப்பத்திரண்டு வருடம் நான் அங்கே கேட்டுக்கொண்டிருந்தவன்தான். அன்று முதல் முறையாக எல்லாரும் வாயை மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குத் தலை கொஞ்சம் சுற்றியது. நோட்டை எடுத்துத் தேதி வாரியாகப் படித்தேன். ஒன்பது, பதினொன்று, ஆறு. பிஷு அதற்கு ‘பானியின் மூன்று வருடத்தைத் தின்றது யார்?’ என்று தலைப்பு வைத்துப் போட்டான்.

நாலு நாளில் அது ஜாதவ்பூர் போய்ச் சேர்ந்தது. மற்றப் பெண்களின் அப்பா அம்மாக்கள் ரேபா தீதியிடம் போய், எங்கள் பெண்ணையும் தின்றுவிடாதீர்கள் என்று பாதி சிரிப்பும் பாதி நிஜமுமாகச் சொன்னார்களாம். அதற்குப் பிறகு அவர் வாணியின் போனையும் எடுக்கவில்லை, என் போனையும் எடுக்கவில்லை.

வாணி சென்னையிலிருந்து பேசினாள். அவள் தமிழில் பாதி வங்காளம் வரும். அங்கே கூட ஆடும் பெண்கள் அவளைப் ‘பெங்காலி’ என்றுதான் கூப்பிடுகிறார்களாம். இங்கே பள்ளிக்கூடத்தில் ‘மதராஸி’ என்றார்கள். அதற்கெல்லாம் அவள் சிரித்துவிடுவாள். அன்று சிரிக்கவில்லை.

“அப்பா, தீதி போன் எடுக்கல. மூணு வாரமா பண்றேன்.”

“நான் பேசிப் பார்க்கறேம்மா.”

“நீ பேசுனதுதான் பிரச்சினையே. அந்த நோட்டைப் படிக்கறதுக்கு முன்னாடி, ‘வாணி, உன்னை வீணாக்கினாங்களா’ன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

கேட்கவில்லை. என் மகளின் மூன்று வருடத்தைப் பற்றி ஊருக்கே சொன்னவன், அவளிடம் கேட்கவில்லை. பிஷுவைச் சொல்லி அந்த வீடியோவை எடுக்க வைத்தேன். எடுத்து என்ன, பார்த்தவர்கள் பார்த்தாயிற்று. கொல்கத்தாவில் மேட்ச் என்று தெரிந்ததும் வாணி அனுப்பிய செய்தி ஒரே வரி: ‘தீதி வருவாங்களான்னு மட்டும் பாரு.’ கோல் போடுவேன் என்றோ, அம்மா என்ன சமைக்கிறாள் என்றோ ஒன்றும் இல்லை.

வந்திருந்தார். வந்து, நான் இருப்பதைப் பார்த்துவிட்டு, நடுவில் பையை வைத்து உட்கார்ந்து, முதல் பாதி முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் இருந்து, இடைவேளை முடியும்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“தீதி, நான் செஞ்சது தப்பு” என்றேன்.

“தப்புன்னு சொல்லாதீங்க. பதில் சொல்லுங்க. அவ நின்ன பக்கம் மூணு வருஷத்துல எத்தனை கோல் வாங்கினோம்?”

அது நோட்டில் இல்லை.

“எதிராளிங்க ரெண்டாவது மேட்சுக்கு வரும்போதே அந்தப் பக்கம் போகாதேன்னு சொல்லிக்கிட்டு வருவாங்க. பந்தே வராது. வராததுக்குக் காரணம் யாரு? அவ. நீங்க ஆறுன்னு எழுதின அந்த நாள்தான் அவ ஆடினதுலயே நல்ல ஆட்டம்.”

யார்டில் தடம் புரண்ட வேகனுக்குப் பத்துப் பக்க ரிப்போர்ட் உண்டு. புரளாத வேகனுக்கு என்ன உண்டு? மழையிலும் பனியிலும் தண்டவாளம் பிரிகிற பாயிண்டை ஒழுங்காகத் திருப்பி வைத்த ஒருவனின் பெயரை நான் ஒரு நாளாவது எழுதியிருக்கிறேனா? வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் ஷண்டிங் மாஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. என் தொழிலையே நான் பாதிதான் பார்த்திருக்கிறேன்.

பிறகு அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “ஒண்ணு மட்டும் நீங்க எழுதியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பேன். ரெண்டாவது வருஷம் முடிஞ்சதுமே அவளை மேல அனுப்பியிருக்கணும். அவ ரெண்டு வேலையும் செய்வான்னு எனக்கு அப்பவே தெரியும். அனுப்பல. பின்னாடி ஓட்டை விழுந்துடும், தோத்துடுவோம்னு பயம். அது அவளுக்காக இல்லை, எனக்காக.”

அவளை வீணாக்கினார்களா என்று இன்று யாராவது கேட்டால், ஒரு வருடம் ஆமாம், இரண்டு வருடம் இல்லை என்பேன். தெரு கிளப்பில் இந்தப் பதிலுக்கு நாற்காலி போட மாட்டார்கள்.

இரண்டாவது பாதியிலும் வாணிக்குப் பந்து கிடைக்கவில்லை. உள்ளூர் அணியின் பின்வரிசைப் பெண்கள் அவளைச் சுற்றி நின்று பூட்டி வைத்திருந்தார்கள். இவளும் அடிக்கடி பின்னால் இறங்கி, பழைய இடத்தைப் பார்த்துப் பார்த்து ஆடினாள். பிஷு, “பொண்ணு பயப்படறா” என்றான். பயமில்லை என்று எனக்குத் தெரியும். மேலே போவதற்கு யாரிடமோ அனுமதிக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

கடைசிப் பத்து நிமிஷம் இருக்கும். இன்னும் கோல் இல்லை. சென்னை அணியின் லெஃப்ட் பேக் ஆசைப்பட்டு மேலே ஏறிப் பந்தை விட்டுவிட்டாள். உள்ளூர் விங்கர் அதைப் பிடித்துக்கொண்டு திறந்த ஓரத்தில் பறந்தாள். கேலரி முழுக்க எழுந்து நின்றது, பிஷு என் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினான். நானும் நின்றேன், எதற்கு நின்றேன் என்று தெரியாமல். அப்போது எதிர்ப்பக்கக் கோலுக்கு அருகிலிருந்து வாணி திரும்பி ஓடி வந்தாள். முக்கால் மைதானம். வந்து காலை நீட்டவில்லை, இடிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கும் கோலுக்கும் நடுவில் உடம்பைச் சாய்த்து, வெளிப்பக்கத்தை மட்டும் திறந்துவிட்டுக் கூடவே ஓடினாள். உள்ளே வழியில்லாமல் ஓரமாகவே போய்ப் போய், கடைசியில் அந்தப் பெண் பந்தோடு ஓரக்கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டாள். வாணியின் கால் பந்தில் படவே இல்லை.

கேலரி ‘இஷ்’ என்று உச்சுக்கொட்டி உட்கார்ந்தது. பிஷு நெற்றியில் அடித்துக்கொண்டான். நானும் எல்லாரோடும் உட்கார்ந்தேன். ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, அது என் மகள் தடுத்தது என்று அடுத்த நொடி நினைவு வந்தது.

ரேபா தீதி மட்டும் உட்காரவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களை விலக்கிக்கொண்டு படியிறங்கி, உள்ளூர் கேலரி முடிகிற இடத்தையும் தாண்டி, விருந்தாளிகளின் பெஞ்சுக்குப் பக்கத்தில் வேலியை ஒட்டிப் போய் நின்றார். மேலிருந்து யாரோ, “தீதி, அது அவங்க பக்கம்” என்று கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் வாயில் குவித்துக்கொண்டு, பிறந்து வளர்ந்த ஊரின் அணிக்கு எதிராக, ஸ்டேடியம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்:

“பானி, பின்னாடி நின்னது போதும். மேல போ.”