கோடு முந்திய நட்டு

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பின் ஜெனரேட்டரைத் திருத்த வந்த மெக்கானிக், எண்ணெய்க் குழாயின் நட்டுக்குக் குறுக்கே சிவப்புப் பெயின்றால் ஒரு கோடு கீறினார். அந்தப் பெயின்ற் மணத்தோடு, நான் வளர்ந்த கொட்டாஞ்சேனை வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பா துறைமுகத்தில் கிரேன் திருத்துபவர். நட்டை இறுக்கியதும், நட்டிலும் குழாயிலும் சேர்த்து ஒரே கோடாகக் கீறுவார். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். பெயின்ற் முடிந்தால் அம்மாவின் நகப்பூச்சு காணாமல் போகும்.

ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை நடுவில், முழந்தாளிட்டிருந்த அப்பா திடுக்கிட்டு எழுந்தார்.

"நேத்துக் கிரேனில கோட்டைக் கீறிட்டன். நட்டை இறுக்கேல்ல."

"பூசை முடியட்டுமே," என்றார் அம்மா.

"கோட்டைப் பாத்தா வேற ஒருத்தனும் ஸ்பேனர் வைக்கமாட்டான். கீழ ஆக்கள் நிப்பாங்கள்."

பூசைச் சட்டையோடேயே துறைமுகத்துக்கு ஓடினார். சோறு ஆறிய பிறகு, சட்டையெல்லாம் கிரீஸோடு வந்தார். அம்மா அதை வாங்கி ஊறவைத்தார்.

ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்ற மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"தம்பி, இறுக்கிப்போட்டுத்தானே கோடு கீறினனீங்கள்?"

"ஓம், மிஸ்."

சொல்லிவிட்டுக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, ஸ்பேனரை எடுத்தார்.