ஓட்டில்லாதவர்கள் நடத்திய தேர்தல்

இந்த ஊரில் காப்பியைக் கயிறு கட்டித் தருவார்கள். காலியான பால் டின்னில் ஊற்றி, சணல் கயிறு கோத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். ரங்கூனிலிருந்து வந்த புதிதில் அதைத் தொங்கவிட்டுக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் நடக்க எனக்கு வெட்கம். பி.ஏ. படித்தவன் பெயின்ட் அடிக்கப் போகிறான் என்று நினைத்துவிடுவார்களே! இப்போது பழகிவிட்டது. டீ மட்டும் காதர் பாயிடம்தான். அவரும் நம் ரங்கூன்காரர். ஆ லியோங் என்ற சீனரின் காப்பிக்கடை ஓரத்தில், ஐந்தடிப் பாதை என்று இங்கே சொல்கிற கடைவாசல் நடைபாதையில் ஓர் அடுப்பு, ஒரு பித்தளைப் பாய்லர், நாலு முக்காலி. அதுதான் பாய் கடை.

ரங்கூனிலேயே இருக்கும் உங்களுக்குத் தெரியாததா? பட்டாளம் ஆட்சிக்கு வந்ததும் முதலில் கையில் எடுத்தது துப்பாக்கியை அல்ல, விளக்குமாற்றை. ரோட்டோரக் கடைகளைப் பெருக்கித் தள்ளியதில் பாயின் டீக்கடையும் போயிற்று. மனைவி மா கின் பர்மாக்காரி, ஊரைவிட்டு வரமாட்டேன் என்றுவிட்டாள். அவளையும் மகளையும் அங்கே விட்டுவிட்டுப் பாய் மட்டும் கப்பலேறினார். ஆகவே பட்டாளம் தேர்தல் வைத்துவிட்டு ஒதுங்கப்போகிறது என்ற செய்தி வந்தபோது, இந்தத் தீவிலேயே அதிகம் துள்ளியவர் அவர்தான். அங்கேதான் கட்சிக்கொரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி ஆயிற்றே; மஞ்சள் பெட்டிக் கட்சி ஜெயித்தால் பழைய இடத்திலேயே கடை போட்டுக் குடும்பத்தோடு இருக்கலாம். பட்டாளத்துக்கு வேண்டிய சிவப்புப் பெட்டி ஜெயித்தால் இங்கேயே கிடக்க வேண்டியதுதான். ஆனால் பாய் அங்கே குடியுரிமை இல்லாத ஆள், ஓட்டுக் கிடையாது. இங்கேயும் கிடையாது, வந்து போதிய வருஷம் ஆகவில்லை. ஆ லியோங்குக்கோ அரசியல் என்றாலே கொட்டாவி. அவரைப் போன வருஷம், ஓட்டுப் போட்டே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டு, கடையைச் சாத்த வைத்து அனுப்பினார்கள்.

“எங்க வீட்டு ஓட்டு மா கின் கையில இருக்கு தம்பி. மஞ்சளுக்குத்தான் போடுவா. சொல்லி அனுப்பிட்டேன்” என்பார் பாய், டீ குடிக்க வருகிற எல்லாரிடமும்.

இங்குள்ள ரங்கூன்காரர்கள் நாமே ஒரு தேர்தல் நடத்தினால் என்ன என்று யோசனை சொன்னவன் நான்தான். படிப்பு எதற்காவது பயன்பட வேண்டாமா? இரண்டு பிஸ்கட் டின்னில் ஒன்றுக்கு மஞ்சள், ஒன்றுக்குச் சிவப்பு அடித்து, மூடியில் ஓட்டை போட்டு வைத்தோம். டீ குடிப்பவருக்கு ஒரு துண்டுச் சீட்டு. மத்தியானம் வரை ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு தெருவில் முன்பின் தெரியாத சீனப் பெண்களெல்லாம் வந்து, அவர்களே கொண்டுவந்த சீட்டுகளைப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து ரகசியமாகத் தலையாட்டிப் போனார்கள். பர்மா ஜனநாயகத்தில் இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் புல்லரித்தது. கடைசியில் ஆ லியோங்கின் மனைவியே கேட்டாள், எந்த நம்பர் விழும் என்று. இங்கே சாப்ஜிக்கி என்று ஒரு திருட்டு லாட்டரி உண்டு. பன்னிரண்டு நம்பரில் ஒன்றை எழுதிப் போட வேண்டும். நாங்கள் அதைத்தான் நடத்துகிறோம் என்று தெருவே முடிவு கட்டியிருந்தது.

விசாரிக்க மாத்தா வந்துவிட்டார். போலீஸ்காரருக்கு இங்கே அதுதான் பெயர். இது எலெக்‌ஷன் என்று நான் விளக்கினேன். அது போன வருஷமே முடிந்துவிட்டது என்றார் அவர். இது பர்மா எலெக்‌ஷன் என்றேன். பர்மாவுக்கு ஏன் சிராங்கூன் ரோட்டில் ஓட்டுப் போடுகிறீர்கள் என்று அவர் கேட்டதும், என் பி.ஏ. மூளை சாட்சிக்கு டின்னைத் திறக்கச் சொன்னது. மஞ்சள் டின்னைக் கவிழ்த்தால் ஓட்டைவிட நம்பர்தான் அதிகம். சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, இரண்டு டின்னையும் தூக்கிக்கொண்டு போனார். உலகத்தில் பெட்டியோடு காணாமல் போன முதல் தேர்தல் இதுதான் என்று சொல்ல மாட்டேன்.

அங்கே நிஜத் தேர்தல் ஒழுங்காக முடிந்தது. மஞ்சள் பெட்டி வாரிக்கொண்டு போனதாக ரேடியோ சொன்னது. அன்று பாய் கடையில் எல்லாருக்கும் டீ இலவசம். நான் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப் அடிக்கிறேன். அடுத்த ரங்கூன் கப்பலின் சமையல்காரர் காதர் பாயைத் தேடி என்னிடம் வந்தார். மா கின் ஏதோ சொல்லி அனுப்பியிருக்கிறாளாம். நானே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

முக்காலியில் உட்கார்ந்து அவர் சொன்னார்: “அவங்க செவப்புலதான் போட்டாங்களாம், பாய். ரோடு சுத்தமாயிருக்கு, புள்ள ஓடி வெளையாடுது, மறுபடி அந்த அடுப்பும் பெஞ்சும் வேணாங்கிறாங்க. யாரு ஜெயிச்சாலும் கடை கூடாதாம். நீங்க மட்டும் வாங்களாம்.”

பாய் ஏற்கெனவே ஆறிப்போன டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஓட்டுரிமை, ரகசிய வாக்கெடுப்பு என்று நான் ஆரம்பித்த பிரசங்கத்தைக் கையமர்த்தினார்.

“எங்க வீட்டுக்கு இருந்ததே ஒரு ஓட்டு தம்பி. அதையும் எனக்கு எதிராவே போட்டுட்டா.”

கோபத்தைத் தேடினேன். அவர் முகத்தில் இருந்தது புதுமாப்பிள்ளையின் வெட்கம்.

நாடு ஜெயித்து வீடு தோற்ற அந்த மனிதர் அடுத்த கப்பலுக்கே டெக் டிக்கெட் எடுத்தார். புறப்படும்போது டீ வடிகட்டும் துணியை அலசிக் காயவைத்துக் கைலிக்குள் சுருட்டிக்கொண்டார். கடைதான் கூடாது என்றார்களே, இது எதற்கு என்று கேட்டேன்.

“வீட்டுல டீ போடக் கூடாதுன்னு சொல்லலையே.”

அப்படியானால் பித்தளைப் பாய்லர்?

“அது இங்கயே இருக்கட்டும். வீட்டுல மறுபடி எலெக்‌ஷன் வந்துச்சுன்னா?”

வடிகட்டி இந்நேரம் ரங்கூனில் ஏதோ ஒரு சமையலறை ஆணியில் தொங்கும். பாய்லர் இங்கே ஐந்தடிப் பாதைத் தூணோடு சங்கிலியில் கிடக்கிறது. காலையில் மேசை துடைக்கும்போது ஆ லியோங் அதையும் ஒரு துடை துடைத்துவிடுகிறார். பாய் எப்போது வருவார் என்று யார் கேட்டாலும், நாளைக்கு என்கிறார்.